தண்ணீரில் கிடந்தவன்

துப்பாக்கிச் சண்டை கேம்களில் கதையை நடத்துவது நான்தான் என்று பெருமை பேசித் திரிந்தவன் நான். அந்தப் பெருமையை என் அக்கா கணவர் ஒரே மத்தியானத்தில் உடைத்துவிட்டார்.

அத்தானுக்குக் கூடங்குளம் பக்கம் மீன்பிடித் தொழில். தடைக்காலம் என்பதால் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கடலுக்குப் போகாமல் கூண்டுக்குள் நடப்பதுபோல் நடந்துகொண்டிருந்தவரிடம் கேமைக் கொடுத்தேன். படகில் தப்பும் எதிரித் தலைவனை இன்னொரு படகில் துரத்திப் பிடிக்க வேண்டும். வழியில் அவனுடைய ஆள் ஒருவன் கடலில் விழுந்து கையை உயர்த்துவான். நான் அவனைக் கவனித்ததே இல்லை. அத்தான் படகைத் திருப்பினார்.

"அத்தான், அவன் எதிரி. விட்டுட்டுப் போங்க!"

"கடல்ல கெடக்கவன்ல எதிரி ஏதுலே, மாப்ள? வலைய அறுத்துப் போட்டுட்டாவது அவனத் தூக்கணும்லா."

அதற்குள் தலைவன் தப்பிவிட்டான். திரையில் தோல்வி என்று வந்தது. மறுபடி ஆடினார், மறுபடி திருப்பினார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அவனத் தூக்க இதுல வழியே கிடையாது அத்தான். சுடலாம், இல்லன்னா விட்டுட்டுப் போகலாம்."

"அப்ப நீ என்னத்தலே முடிவு பண்ணுத?" என்றவர், கன்ட்ரோலரைப் பைய என் மடியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்.

எந்த வழி, எந்தத் துப்பாக்கி, யார் சாக வேண்டும் என்று எத்தனையோ முடிவுகள் எடுத்திருக்கிறேன். எல்லாமே எவனோ எழுதிவைத்தவை. இப்போதும் அந்தக் கேமை ஆடுகிறேன். படகு அந்த இடத்துக்கு வந்ததும், இல்லையென்று தெரிந்தே, அவனைத் தூக்கும் பொத்தானை என் விரல் தேடுகிறது.