பொங்காத சாறு

அயலவளான ரோசலினுக்கு நான் ஒரு அநியாயம் செய்தேன். யாழ்ப்பாணத்தில் எனக்குத் திராட்சைத் தோட்டம் இருந்த காலம் அது. நத்தார்ப் பண்டிகைக்கு வைன் போட அவள் சாறு கேட்டாள். கெடாமலிருக்க மருந்து கலந்து வைத்திருந்த பழைய சாற்றை, அன்று பிழிந்தது என்று சொல்லிக் கொடுத்தேன். மருந்து கலந்தால் சாறு நொதித்துப் பொங்காது, வைனாகாது. அவள் தன் மாமியாரோடு வந்து முறையிட்டபோது, சாடியைச் சரியாகக் கழுவவில்லை என்று பழியையும் அவள்மேலேயே போட்டேன்.

இப்போது லண்டனில், நோர்பரியில், சில நாள் விருந்தாளியாக வந்து அவள் வீட்டுப் பின்வளவில் நிற்கிறேன். வேலி முழுக்கக் கறுத்த திராட்சைக் குலைகள். பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர் வைன் போடுவதற்கு ஒரு கூடை நிறைய வாங்கிப்போகிறார்.

"நீ போடுறேல்லையோ?" என்று ரோசலினைக் கேட்கிறேன்.

"எனக்குக் கைராசி இல்லை அண்ணை. மாமி அப்பவே சொல்லிப்போட்டா."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைக்கிறாள்.

"இதை ஏன் எனக்குச் சொல்லுறியள்? மாமி உள்ளுக்கை இருக்கிறா. அவவுக்குச் சொல்லுங்கோ."

போய்ச் சொல்கிறேன். கதிரையில் சாய்ந்திருக்கும் மாமி நிமிர்ந்து உட்காருகிறார்.

"நீர் படிச்ச மனுசனெல்லே?"

அன்று பின்னேரம் சாடி கழுவுவதும் பழம் நசிப்பதும் என் வேலையாகின்றன.

நான் புறப்படும் காலையில் ரோசலின் என்னைச் சாடியருகே இழுத்துக் காது வைக்கச் சொல்கிறாள். உள்ளே குமிழிகள் சிணுசிணுக்கின்றன.

"மாமி, வந்து கேளுங்கோ!"

மாமி ஊன்றுகோலோடு வந்து, குனிந்து கேட்கிறார்.

"பொங்குது பிள்ளை. உனக்கு நல்ல கை. அந்தாளுக்கு மட்டும் ஒரு சொட்டும் குடுத்திடாதை."