கதிர்காமத்துக்குப் பேசாமல் போன கதை

மௌனத்தின் மகிமையைச் சொல்ல எங்கள் தோட்டத்துக்கு வந்த சாமியார், மைக்கைப் பிடித்தவர், ஜெனரேட்டரில் எண்ணெய் தீரும் வரை விடவில்லை. தெஹியோவிட்டைக்கு மேலே இருக்கும் றப்பர் தோட்டம் எங்களுடையது. மாரியம்மன் திருவிழாவுக்கு யாரோ அவரை அழைத்து வந்திருந்தார்கள். பேச்சை நிறுத்துங்கள், உள்ளே இருக்கிறவர் பேசுவார் என்பதையே சுற்றிச் சுற்றிச் சொன்னார். லயத்து வரிசை வீடுகளின் சனம் பாதி அங்கேயே சாய்ந்து தூங்கிவிட்டது. நான் தூங்கவில்லை. மனுஷர் என்னைப் பார்த்துத்தான் சொல்கிறார் என்று பட்டது. மற்றவர்களுக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். விழித்திருந்த எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

தோட்டத்தில் வாயாடி என்றால் அது நான்தான். அதில் எனக்கு வெட்கமும் இல்லை. சின்ன வயதில் ஆற்றோரத்துக் கிராமத்துப் பிள்ளைகளோடு விளையாடியதில் சிங்களம் எனக்குத் தண்ணீராக வரும். ஓர் எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாது, ஆனால் வாயைத் திறந்தால் சிங்களத்தியே திரும்பிப் பார்ப்பாள். அதனால் யாருக்கு எங்கே போவதென்றாலும் என்னைத்தான் கூட்டிப்போவார்கள். ஆஸ்பத்திரி, தபால் கந்தோர், பொலிஸ், பள்ளிக்கூடம். டாக்டர் நாக்கை நீட்டு என்றால் நோயாளிக்குப் பதிலாக நான் நீட்டாத குறைதான். இப்படி ஊருக்கெல்லாம் பேசிப் பேசி, எனக்கென்று நான் என்ன பேசுவேன் என்பதே எனக்குத் தெரியாமல் போயிருந்தது. ஒரு நாள் விடியலில் மரத்துக்கு மரம் பால் வெட்டிக்கொண்டு போகும்போது இது திடீரென்று உறைத்தது. பயமாகக்கூட இருந்தது.

கதிர்காமம் போக வேண்டும் என்பது சின்னப் பிள்ளையிலிருந்து இருந்த ஆசை. ஒவ்வொரு ஆடியிலும் ஏதாவது ஒரு பிரசவம், ஒரு கல்யாணம், ஒரு சாவு குறுக்கே வந்து நிற்கும். சாமியார் பேச்சைக் கேட்ட பிறகு இந்த ஆசையும், எனக்கென்று என்ன பேசுவேன் என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் ஒன்றாகிவிட்டது. வீட்டில் காப்புக் கட்டிக்கொண்டு, முருகன் சந்நிதியில் எப்போதும் மூடியே இருக்கும் திரைக்கு முன்னால் போய் நிற்கும் வரை ஒரு சொல் பேசக்கூடாது. அங்கே போய் வாயைத் திறக்கும்போது என்ன வருகிறதோ அதுதான் நான். அவ்வளவுதான் என் கணக்கு.

இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணி மூக்கால் வந்துவிட்டது.

“நீ பேசாம இருக்கப் போறியா? அப்ப தாராளமா போயிட்டு வா. நானும் கொஞ்ச நாள் காது குளிர இருக்கேன்” என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். லயம் முழுக்க இதே பேச்சாகிவிட்டது. அவிசாவளை வரைக்கும்கூடத் தாங்க மாட்டாள் என்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலேயே கங்காணி சொல்லிச் சிரித்தான். பயிற்சிக்காக ஒரு நாள் வாயை மூடிப் பார்த்தேன். பால் நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை ஒரு கிழவியின் வாளியைக் குறைத்துச் சொன்னான். அதோடு அன்றையப் பயிற்சி முடிந்தது. ஆனால் போவதென்றால் போவதுதான். இவர்கள் முன்னால் தோற்க நான் தயாராக இல்லை.

புறப்படும் அன்று காலையில் கோயில் பூசாரி என் கையில் மஞ்சள் கயிறு கட்டினார். அந்த நிமிஷத்திலிருந்து விரதம். கயிற்றின் முடிச்சு இறுகியிருக்கவில்லை, அதற்குள் எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் பக்கத்துக் காம்பராக்காரி சேவலோடு வந்து நின்றாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய மகன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தான். தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் வழியில், சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தியபோது அடையாள அட்டையைக் கடையிலேயே விட்டு வந்தது தெரிந்திருக்கிறது. அவனுக்குச் சிங்களமும் தடுமாறும். இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அது சண்டைக் காலம். நானும் அவளோடு பொலிஸ் பொலிஸாக அலைந்தேன், தொண்டை வறளப் பேசினேன். எந்த முகாமில் வைத்திருக்கிறார்கள் என்பதைக்கூட என் சிங்களத்தால் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியவில்லை. அவன் வந்துவிட வேண்டும் என்று அவள் முருகனுக்கு ஒரு சேவலை நேர்ந்து வளர்த்திருந்தாள். செக்கச்செவேலென்று, கழுத்தை நிமிர்த்தினால் துரை மாதிரி இருக்கும்.

“நீங்கதான் போறீங்களேக்கா. இத சாமிக்கிட்ட விட்டுட்டு வாங்க. எம்புள்ள உசிரு இதுலதான் இருக்கு” என்றாள்.

உயிருள்ள சேவலோடு எத்தனை பஸ் ஏறி இறங்குவது? சொல்ல என்னிடம் நூறு காரணம் இருந்தது, வாய் இல்லை. கையெடுத்துக் கும்பிட்டேன், வேண்டாம் என்பதற்காக. அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, சேவலின் காலைக் கட்டிப் பன்புல்லால் பின்னிய பையில் வைத்து என் தோளில் மாட்டிவிட்டாள்.

இன்னொரு கூத்தும் உண்டு. பஸ்ஸில் காட்டுவதற்காக ஒரு தாளில் ‘கதிர்காமம் போகிறேன், மௌன விரதம்’ என்று பூசாரி அழகாக எழுதித் தந்திருந்தார். தமிழில். சிங்களம் எங்களுக்கு வாயில் மட்டும் இருக்கிற பாஷை. அதைத் தாளில் எழுத வேண்டியிருக்கும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இரத்தினபுரியில் ஏறிய பஸ்ஸின் கொண்டக்டர் அந்தத் தாளை நேராகப் பார்த்தான், தலைகீழாகப் பார்த்தான், பின்னால் இருந்தவரிடம் கொடுத்தான். தாள் பஸ் முழுக்கச் சுற்றிவிட்டு அப்படியே திரும்பி வந்தது. கடைசியில் நான் இரண்டு கையாலும் வேல் பிடிப்பது போலக் காட்டினேன். மீன் பிடிக்கப் போகிறாள் போல, அம்பாந்தோட்டைக்கு டிக்கெட் கொடு என்றார் ஒருவர். பையிலிருந்து சேவல் தலையை நீட்டிய பிறகுதான் விஷயம் விளங்கியது.

அதோடு நான் ஊமை என்று அந்தப் பஸ் முடிவு கட்டிவிட்டது. “அனே பவ்” என்று ஒரு பெண் எனக்கு இடம் விட்டாள். ஐயோ பாவமாம். எனக்குக் காது கேட்காது என்றும் அவர்களே நினைத்துக்கொண்டார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்த வெள்ளைச் சாரக் கிழவர் என் சரித்திரத்தைச் சொல்லத் தொடங்கினார். நான் வயிற்றில் இருக்கும்போது என் அம்மா சிறுத்தையைப் பார்த்துப் பயந்தாளாம், அதனால்தான் நாக்கு எழவில்லையாம். புருஷன் அடிப்பானாம். பிள்ளை இல்லையாம். மூன்று பிள்ளை பெற்றவள் நான், ஒவ்வொரு சொல்லும் விளங்க, கல்லாட்டம் உட்கார்ந்திருந்தேன். வாய் நமநமவென்று அரித்தது. நாக்கைக் கடித்துக் கடித்து உப்புக் கரித்தது. என் புருஷன் ஓர் ஈயைக்கூட அடிக்க மாட்டார் என்று சொல்ல ஒரே ஒரு நிமிஷம் கிடைத்தால் போதும் என்றிருந்தது. உள்ளே இருக்கிறவர் பேசுவார் என்றாரே சாமியார், அவருக்குப் பேச இந்தக் கிழவர் எங்கே இடைவெளி விட்டார்?

எம்பிலிபிட்டியைத் தாண்டிக் காட்டுப் பாதையில் ஒரு சோதனைச் சாவடி. அதற்குள் வெயிலுக்காகச் சேவலைத் துணியால் மூடியிருந்தேன். எல்லோரையும் இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். என் அட்டையைப் பார்த்த சிப்பாய் எங்கிருந்து, எங்கே போகிறாய் என்று கேட்டான். சும்மா சொல்லக்கூடாது, அதுவரை எந்தச் சாவடியிலும் எனக்கு ஒரு பிரச்சினை வந்ததில்லை. இரண்டு வார்த்தை சிங்களம் பேசினால் போ என்று விட்டுவிடுவார்கள். இப்போது அந்த இரண்டு வார்த்தையைத்தான் நான் முருகனிடம் அடகு வைத்துவிட்டேன். கயிற்றைக் காட்டினேன், உதட்டைக் காட்டினேன், வானத்தைக் காட்டினேன். தமிழ்ப் பொம்பளை, பேசமாட்டேன் என்கிறாள், தோளில் மூடிய பை. அவன் முகம் மாறியது. அந்த நேரம் பார்த்துப் பை அசைந்தது.

பையைக் கீழே வை என்று கத்திக்கொண்டே அவன் பின்னால் பாய்ந்தான். மண்மூட்டைக்குப் பின்னால் இருந்தவர்கள் துவக்கை நீட்டினார்கள். பஸ் சனம் முழுக்கத் தரையில் குப்புற விழுந்தது. கிழவர் விழுந்த வேகத்தைப் பார்த்தால் அவருக்கு வயதே இல்லை. நடு ரோட்டில் பை மட்டும் தனியாக நின்றது. நான் கையைத் தூக்கிக்கொண்டு, அப்போதும் பேசாமல் நின்றேன். என்ன பைத்தியக்காரத்தனம் என்று இப்போது தோன்றுகிறது. துணிக்குள்ளிருந்தே சேவல் உரக்கக் கூவியது.

முதலில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. பிறகு ஒரு சிப்பாய் சிரித்தான், அப்புறம் எல்லோரும். மேலதிகாரி போலிருந்த தடித்த ஆள் ஒருவன் வந்து துணியை விலக்கிச் சேவலைத் தூக்கி எடை பார்த்தான். இரவைக்குக் கறிக்கு ஆகும் என்று சொல்லிவிட்டு, கட்டிய காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தான். பஸ்ஸில் ஏறச் சொன்னார்கள். சனம் மண்ணைத் தட்டிக்கொண்டு ஏறியது, நான் மட்டும் கீழேயே நின்றேன். என் சரித்திரம் முழுவதும் தெரிந்த கிழவர் ஜன்னலுக்கு வெளியே வேறு பக்கம் பார்த்தார். எனக்கு இடம் விட்ட பெண் குனிந்துகொண்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு அழுகை வந்தது. திரைக்கு முன்னால் வாயைத் திறப்பதற்காக அவ்வளவு தூரம் காத்து வந்திருந்தேன். இனிக் கொஞ்சத் தூரம்தான். ஆனால் அந்தச் சேவலின் தலை தொங்கிக்கொண்டு போவதைப் பார்க்கப் பார்க்க, பக்கத்துக் காம்பராக்காரி முகம்தான் தெரிந்தது.

“மேக்க மகே நெவெய் மாத்தயா. தெய்யன்கே” என்றேன். இது என்னுடையது இல்லை ஐயா, தெய்வத்துடையது.

அடைத்திருந்த தண்ணீர்ப் பீலி திறந்தது மாதிரி அப்புறம் நிற்கவில்லை. இது கதிர்காமத் தெய்யோவுக்கு நேர்ந்தது, ஒரு தாய் தன் பிள்ளைக்காக நேர்ந்தது, அந்தப் பிள்ளையை உங்களைப் போல ஒருவர்தான் பஸ்ஸிலிருந்து இறக்கினார், இதைத் தின்றால் உங்கள் வயிறு தாங்குமா, உங்கள் அம்மா உங்களுக்காக நேர்ந்ததை இன்னொருத்தன் கறி வைத்தால் விடுவீர்களா என்று சுத்தமான சிங்களத்தில், கிராமத்துப் பெண்கள் சண்டை பிடிக்கும் அதே ராகத்தில், மூச்சு விடாமல் கேட்டேன். அந்த ஆள் நின்றுவிட்டான். நம் முருகனைத்தான் அவர்கள் கதிர்காமத் தெய்யோ என்பார்கள், அவர்களுக்கும் பயம்தான். சேவலை நேராக்கி, இறகைத் தடவி, இரண்டு கையாலும் கொண்டுவந்து கொடுத்தான். கொடுத்துவிட்டுத் தாழ்ந்த குரலில், அடுத்த மாதம் தன்னை வடக்கே அனுப்பப் போகிறார்கள், தெய்யோவிடம் தனக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா அம்மா என்று கேட்டான். சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

பஸ்ஸுக்குள் ஏறினால், கிழவர் எழுந்து நின்று என்னைக் கும்பிடுகிறார். பிறவி ஊமை பேசிவிட்டாளாம். கதிர்காமம் போய்ச் சேருமுன்னே தெய்யோ நாக்கைக் கொடுத்துவிட்டாராம். ஐயா, நான் ஊமையே இல்லை, இது விரதம், முறிந்துபோன விரதம் என்று நான் சொல்லச் சொல்ல, பாருங்கள் எவ்வளவு தெளிவாகப் பேசுகிறாள் என்று அவர்கள் இன்னும் உருகினார்கள். ஒரு தாய் தன் குழந்தையை என் மடியில் வைத்துத் தலையைத் தொடச் சொன்னாள். திஸ்ஸமகாராமையில் இறங்கும்போது அந்தச் செய்தி எனக்கு முன்னால் இறங்கிப் போய்விட்டது.

சந்நிதியில் நல்ல நெரிசல். திரைக்கு முன்னால் பூசை செய்கிற கப்புறாளை, அவர்கள் வழக்கப்படி வாயை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார். என்னைவிட அவர் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்துக் காம்பராக்காரி மகனைச் சொன்னேன். அந்தத் தடித்த சிப்பாயைச் சொன்னேன். எனக்கென்று சொல்ல வாயைத் திறந்தேன், பின்னால் இருந்த கூட்டம் என்னைத் தள்ளி வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டது. கோயில் வளவில் சேவலை அவிழ்த்து விட்டேன். அது திரும்பிப் பார்க்காமல் போய் இன்னொரு சேவலோடு சண்டைக்கு நின்றது.

அவள் மகன் அதற்கு மறு வருஷம் வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். சேவல்தான் கொண்டுவந்தது என்று அவள் இன்றைக்கும் சொல்லுவாள். அந்தச் சிப்பாய் என்ன ஆனானோ, எனக்குத் தெரியாது.

நான் சொல்ல வந்தது, அவன் வருவதற்கு முந்திய கதை. கதிர்காமத்திலிருந்து திரும்பிய அன்று பின்னேரம் திருநீற்றை எடுத்துக்கொண்டு அவள் காம்பராவுக்குப் போனேன். மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். கிழவர் குப்புற விழுந்ததைச் சொன்னபோது சிரித்தாள்; மகன் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

“அப்ப ஒங்க வெரதம் போச்சேக்கா” என்றாள்.

“போனா போகுது. நா வாயத் தொறக்காட்டி ஒன் சேவலு கறியாகியிருக்கும்” என்றேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“எம்புள்ளைய எறக்குன அன்னைக்கும் பஸ்ஸு நெறைய ஆளுங்க இருந்தாங்களாம்க்கா. அன்னைக்கு எல்லாருக்குமே வெரதம் போல” என்றாள்.

சொல்லிவிட்டுத் திருநீற்றை வாங்கிப் பூசிக்கொண்டு மறுபடியும் மரவள்ளியை எடுத்தாள். நான் எழுந்து வீட்டுக்கு வந்தேன். அடுப்பு மூட்டினேன், ரொட்டி தட்டினேன், பிள்ளைகளுக்குப் போட்டேன். வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னா, இப்பதான் வெரதத்த ஆரம்பிக்கிறியா?” என்று கேட்டார்.