சிரிக்காத டார்ச்காரர்

ஆளைக் கடத்தப் போய், தப்பான ஆளைத் தூக்கிவந்து திருதிருவென்று விழிக்கிற கும்பலைப் பற்றிய சிரிப்புப் படம் அது. அதை ஓட்டும் தியேட்டரில் ஒரு பேச்சு அடிபட்டது: டார்ச்காரர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் உள்ளே நிற்கிறாராம், நாற்பது நாளில் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லையாம்.

விசாரித்ததில் பஞ்சு பொய். காதில் இருந்தது முடி. சிரிக்கவில்லை என்பது முக்கால்வாசி உண்மை. முதல் நாள் சிரித்திருக்கிறார், கேன்டீன்காரரே சாட்சி. அன்று வீட்டுக்குப் போனால் மனைவி இல்லை. 'அவரா கூப்பிட்டாத்தான் வருவேன்' என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுத் தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். சண்டை ஒன்றும் கிடையாது. அவள் எதைக் கேட்டாலும் 'ம்' என்பார். அவ்வளவுதான் குற்றம்.

கூப்பிடலாம் என்றுதான் இருந்தார். முதல் வாரம் ரோஷம் தடுத்தது. அடுத்த வாரம் வெட்கம். அதற்கப்புறம் தடுக்க எதுவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. டிக்கெட் கிழித்தார், டார்ச் அடித்தார், தூங்கினார்.

இதில் வேடிக்கை, ஊரார் கருத்தைக் கேட்பதும் அவர் வேலை. படம் முடிந்ததும் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் "எப்படி இருக்கு?" என்று கேட்டு முதலாளியிடம் ஒப்பிக்க வேண்டும். படத்தை நீட்டுவதா தூக்குவதா என்பது அதைப் பொறுத்தது.

"கடத்துறவனுங்கதான் பாவம், சோறும் போட்டு திட்டும் வாங்குறானுங்க" என்றார் முடிவெட்டுபவர்.

"துப்பாக்கியில குண்டு இல்லன்னு எனக்கு முதல்லயே தெரியும்" என்றார் ஓய்வுபெற்ற வாத்தியார். அவருக்கு எல்லாமே முதலிலேயே தெரியும்.

ஆனால் எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது அந்த போன் காட்சியில்தான். கடத்தியவன், மாட்டிக்கொண்டவனின் வீட்டுக்கு போன் போட்டு, "உங்க புருஷன் வேணுமா வேணாமா?" என்பான். அவள், "நல்லா யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்" என்பாள். தியேட்டரே அதிரும். டார்ச்காரர் மட்டும் அப்போது தரையில் வெளிச்சம் அடித்து எதையோ தேடுவார்.

ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு மனைவி தம்பியோடு வந்தாள். டிக்கெட் நீட்டிய கையைப் பார்த்தே அவள்தான் என்று தெரிந்துவிட்டது. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். உள்ளே எதுவும் துள்ளவில்லை. துள்ளியிருக்கலாமே என்று மட்டும் தோன்றியது.

படம் விட்டது. மச்சினன் முதலில் வந்தான். "சூப்பர் மாமா. வயிறு வலிக்குது."

பின்னால் அவள். வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது: "எப்படி இருக்கு?"

"கடத்தினவன்கூட போன் பண்ணி, இவன் வேணுமான்னு கேட்டான்" என்றாள், மெதுவாகத்தான். "நீங்க ஏன் கேக்கல?"

பின்னால் கூட்டம் நெருக்கியது. "கொஞ்சம் வழி விடுங்கப்பா" என்று ஒரு குரல்.

"ஜனம் போகட்டும், சொல்றேன்" என்றார்.

அவள் படிக்கட்டு ஓரமாகப் போய் நின்றாள். ஜனம் போனது. அவர் உள்ளே போய் நாற்காலிகளை மடக்கினார், விழுந்து கிடந்த காகிதக் கோப்பைகளைப் பொறுக்கினார், ஏற்கெனவே மடக்கியிருந்ததையும் ஒருமுறை விரித்து மடக்கினார். அடுத்த காட்சிக்கு மணி அடித்தபோது வெளியே வந்தார். படிக்கட்டில் யாரும் இல்லை.

"இன்னிக்கு என்னய்யா சொல்றாங்க?" என்றார் முதலாளி.

"நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க."

படத்தை இன்னும் ஒரு வாரம் நீட்டினார்கள். சொல்கிறேன் என்று சொன்னதை அவர் இன்னும் சொல்லவில்லை.