ஜெனரேட்டர் உறுமலுக்குள் ஒரு நலங்குப் பாட்டு

சின்ன காஞ்சிபுரத்தில் நாங்கள் வீடியோ கடை வைத்திருந்தபோது, பழைய கல்யாண கேசட்டுகளை சிடியில் ஏற்றித் தரும் வேலைதான் அதிகம். கேமரா என் பொறுப்பு. கம்ப்யூட்டர் என் மனைவியுடையது.

ஒருநாள் பக்கத்துத் தெரு நெசவுக்காரரின் மகள் தன் கல்யாண கேசட்டோடு வந்தாள். நலங்கின்போது அவள் அப்பா பாடியிருந்தார். தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவருக்குப் பேச்சே இல்லை.

"அந்தப் பாட்டு மட்டும் தெளிவா கேட்டா போதும்க்கா" என்றாள் என் மனைவியிடம்.

போட்டுப் பார்த்தோம். மண்டபத்து ஜெனரேட்டர் பக்கத்திலேயே ஓடியிருக்கிறது. அவர் வாய் அசைந்தது, கேட்டதெல்லாம் உறுமல். யாராவது கையை ஆட்டினால் படத்தின் ஓரம் சீப்புப் பல்லாகப் பிரிந்தது. நான் சத்தத்தைக் கூட்டினேன். உறுமலும் கூடியது.

"இது தேறாதும்மா" என்றேன்.

"நீங்க கொஞ்சம் நகருங்க" என்றாள் மனைவி.

கம்ப்யூட்டர் திரையில் கறுப்பாக ஒரு ஜன்னலைத் திறந்தாள். அதில் பட்டன் எதுவும் இல்லை. நீளமாக ஒரே கட்டளையைத் தட்டினாள். சோதித்துப் பார்க்க, பாட்டின் முதல் வரியை மட்டும் எடு என்று தொடக்கத்தில். பிறகு படத்துக்கான ஃபில்டர், ஒலிக்கான ஃபில்டர்கள், நடுவில் கமா.

"வரிசை முக்கியங்க. முதல்ல உறுமலை வெட்டணும், அப்புறந்தான் சத்தத்தைக் கூட்டணும்."

என்டர் தட்டினாள். ஓரங்கள் ஒட்டிக்கொண்டன. உறுமல் அடியோடு போய், பாட்டு பளிச்சென்று கேட்டது. எனக்குக் கைதட்டத் தோன்றியது. அந்தப் பெண்ணின் முகம்தான் வாடிவிட்டது.

"யாரோ போன்ல பாடற மாதிரி இருக்குதுக்கா. அப்பாவுக்கு கனத்த குரல்."

மனைவி வாதாடவில்லை. உறுமலோடு சேர்ந்து அவர் குரலின் அடிக்கனமும் வெட்டுப்பட்டிருந்தது. எதுவரை வெட்டுவது என்பதற்கான எண்ணைக் குறைத்தாள், கேட்கச் சொன்னாள், இன்னும் குறைத்தாள். கொஞ்சம் ஜெனரேட்டர் திரும்பி வந்தது. கூடவே அவரும் வந்தார்.

"இதான்க்கா! இப்படியே வுட்டுடுங்க."

அதே எண்ணை முழுப் பாட்டுக்கும் போட்டாள் மனைவி. என் கையில் இருந்திருந்தால் சுத்தமாகத் துடைத்துத் தந்து, பெருமையும் பட்டிருப்பேன். எவ்வளவு அழுக்கை விட்டுவைப்பது என்று என் மனைவிக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் மகள் அப்பாவையே கூட்டி வந்தாள். ஸ்பீக்கருக்கு அருகே உட்கார்ந்தார். பாட்டு தொடங்கியதும் அவர் உதடுகள் வரிக்கு வரி அசைந்தன. ஓரிடத்தில் தாளம் தவறியிருந்தது. அவரே தலையில் தட்டிக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தார். முடிந்ததும் என் மனைவியைப் பார்த்து, இன்னொரு முறை என்று விரலைச் சுழற்றிக் காட்டினார்.