பேச்சியம்மாள் வாங்கிய பேட்டரி சைக்கிள்

1. வாசலில் விழுந்தது

எங்கள் கடைக்கு எலக்ட்ரிக் மவுண்டன் சைக்கிள் வந்து இறங்கிய மூன்றாவது வாரம், அதை ஓட்டிப் பார்க்க வந்த ஒரு பெண் வாசலிலேயே கீழே விழுந்தார். தப்பு முழுக்க என்னுடையது. சைக்கிள் கடை வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என் அனுபவத்தைக் கேட்டால் நான் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன்.

விருதுநகரில் ஒரே கடையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தேன். ஃபிட்டராகச் சேர்ந்தேன். கடைசிப் பத்து வருஷம் விற்பனையும் என் பொறுப்பில் இருந்தது. அட்டைப்பெட்டியில் பாகம் பாகமாக வரும் சைக்கிளை முக்கால் மணி நேரத்தில் பூட்டி, வீலில் கோட்டம் எடுத்து நிறுத்திவிடுவேன். பேட்டரி சைக்கிள் வந்தபோது, இதுவும் சைக்கிள்தானே, கூட ஒரு மோட்டார் இருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அந்தப் பெண்ணின் பெயர் பேச்சியம்மாள். வயது நாற்பத்தாறு. அச்சங்குளத்துப் பக்கம் ஒரு சின்ன ஊர். பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஒட்டும் செக்‌ஷனில் வேலை. கூட வந்தவர் அவருடைய கணவர் முனியாண்டி. லாரியில் லோடு ஏற்றுகிறவர்.

"காட்டுப் பாதையில போற பேட்டரி சைக்கிள் வந்திருக்காமே, அதக் காட்டுங்க அண்ணாச்சி," என்றார் பேச்சியம்மாள்.

கேட்டது அவர். ஆனால் நான் முனியாண்டியைப் பார்த்துத்தான் பதில் சொன்னேன். பேட்டரி எவ்வளவு தாங்கும், மோட்டார் பின்சக்கரத்தின் நடுவில் இருக்கிறது, முன்னால் சஸ்பென்ஷன் இருக்கிறது என்று எல்லாவற்றையும் அவரிடமே ஒப்பித்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். பேச்சியம்மாள் அதற்குள் சைக்கிளைச் சுற்றி வந்து, டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஓட்டிப் பாக்கட்டுமா?" என்றார்.

ஸ்டாண்டை எடுத்துக் கொடுத்தேன். முந்தின நாள் வேறொருவருக்கு வேகம் காட்டுவதற்காக மோட்டாரின் உதவியை ஐந்தாம் லெவலில் வைத்திருந்தேன். குறைக்க மறந்துவிட்டேன். இந்த வகை சைக்கிளில் பெடல் அரைச் சுற்றுச் சுற்றியதும் மோட்டார் தள்ள ஆரம்பிக்கும். எவ்வளவு பலமாக மிதிக்கிறோம் என்று அதற்குத் தெரியாது. பேச்சியம்மாள் மிதித்தார். சைக்கிள் பாய்ந்தது. அவர் வலது கையால் பிரேக்கைப் பிடிக்க முயன்றதைப் பார்த்தேன். லீவர் அசையவே இல்லை. வாசலில் அடுக்கியிருந்த டயர் பெட்டிகளில் மோதி, சைக்கிளோடு சாய்ந்தார்.

2. எடைக்குப் போன சைக்கிள்

முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தபோதுதான் அவர் வலது கையைச் சரியாகப் பார்த்தேன். கடைசி இரண்டு விரல்களும் உள்பக்கமாக மடங்கி, தோலோடு இறுகிப் போயிருந்தன. மணிக்கட்டு வரை தீக்காயத் தழும்பு. உள்ளே வரும்போது அந்தக் கையில் துணிப்பையைச் சுற்றிப் பிடித்திருந்தார். நானும் கவனிக்கவில்லை.

"இதுக்குத்தான் வேண்டாம்னேன்," என்றார் முனியாண்டி. "நான்தான் தினமும் கொண்டுபோய் விடுறேன்ல. வா, போவோம்."

முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "தங்கராசு, அவுகளுக்கு ஒரு சாதா லேடீஸ் சைக்கிளக் காட்டுப்பா," என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

பேச்சியம்மாள் எழுந்திருக்கவில்லை. "சாதா சைக்கிள்ல கரிசக்காட்டுப் பாதையில மூணு மைல் மிதிக்க இப்ப எனக்கு மூச்சு பத்தாது அண்ணாச்சி. ஸ்கூட்டின்னா ஆக்ஸிலேட்டர முறுக்கணும், இந்தக் கையால முடியாது. இதுல முறுக்க வேண்டியதில்ல, மிதிச்சாப் போதும்னு சொன்னாக. அதான் வந்தேன்."

"முன்னால ஓட்டியிருக்கீகளா?" என்று கேட்டேன். முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"பதினஞ்சு வருசம் கம்பெனிக்கு சைக்கிள்லதான் போனேன். ஏழு வருசத்துக்கு முந்தி கம்பெனி ரூம்புல தீப்பிடிச்சுது. ரெண்டு மாசம் ஆசுபத்திரி. வீட்டுக்கு வந்து பாக்கேன், சைக்கிளக் காணோம். இவுக எடைக்குப் போட்டுட்டாக."

முனியாண்டி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னிடம்தான் சொன்னார். "அதப் பாத்தா அழுவான்னு நெனச்சேன் அண்ணாச்சி. இனிமே ஓட்ட முடியாதுன்னு டாக்டரும் சொன்னாரு. கண்ணுல படாம இருந்தா மறந்துருவான்னு."

"நான் அதுக்காக ஒருநாளும் அழுகல," என்றார் பேச்சியம்மாள். "ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

முனியாண்டி கீழே கிடந்த டயர் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அடுக்க ஆரம்பித்தார்.

3. கைக்கு ஏற்ற பிரேக்

அவர்களை ஒரு வாரம் கழித்து வரச் சொன்னேன். முதலாளிக்கு இஷ்டமில்லை. "மறுபடி விழுந்தாகன்னா நம்ம பேருதான் கெடும்," என்றார். விழுந்ததற்கு நான்தான் காரணம் என்று அவரிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவரே அதே கம்பெனியில் சின்ன ஃப்ரேம் உள்ள மாடல் ஒன்றை மதுரையிலிருந்து வரவழைத்தார்.

முதல் சைக்கிளில் இருந்தது கேபிள் டிஸ்க் பிரேக். நாலு விரலும் சேர்த்து இழுத்தால்தான் பிடிக்கும். புதிதாக வந்ததில் ஹைட்ராலிக். உள்ளே எண்ணெய் தள்ளுவதால் ஒற்றை விரலுக்கே வேலை செய்யும். லீவரில் உள்ள சின்ன ஸ்க்ரூவைத் திருகி, அதைக் கைப்பிடிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். பிரேக்கைத் தொட்ட உடனே மோட்டார் நிற்கிறதா என்று வீலைத் தூக்கிவைத்து இருபது தடவை பார்த்தேன். கட்டைவிரலால் அமுக்கினால் மிதிக்காமலே மோட்டாரை ஓட்டும் த்ராட்டிலைக் கழற்றிவிட்டேன். பள்ளத்தில் குலுங்கும்போது கை தெரியாமல் அமுக்கிவிடக் கூடாது.

பேச்சியம்மாள் வந்து பிடித்துப் பார்த்தார். இரண்டு விரலால் லீவரை இழுத்தார். பிடித்தது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "கைப்பிடி மெல்லிசா இருக்கு. இந்த ரெண்டு வெரலும் மடங்கினபடியே உக்காரணும்னா இன்னும் தடியா வேணும்," என்றார்.

அது எனக்குத் தோன்றவே இல்லை. பழைய டியூபைப் பட்டையாக வெட்டி வலது கைப்பிடியில் சுற்றினேன். போதாது என்றார். இன்னொரு சுற்று. அதற்கு மேல் துணி டேப். மூன்றாம் தடவை பிடித்துவிட்டு, "இப்ப என் கையி மாதிரி இருக்கு," என்றார்.

அடுத்து சார்ஜ் போடும் விதத்தைச் சொன்னேன். ஓட்டி வந்த சூட்டோடு போடக் கூடாது, கட்டில் பக்கத்தில் வைக்கக் கூடாது, தூங்கும் நேரத்தில் போட்டுவிட்டுப் படுக்கக் கூடாது, கீழே விழுந்து அடிபட்ட பேட்டரியைத் தொடவே கூடாது. நான் விற்ற அத்தனை பேரிலும் இதைக் கடைசிவரை கேட்டவர் அவர் ஒருவர்தான். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். விரல்விட்டு எண்ணிக்கொண்டே கேட்டார்.

4. சூலக்கரையில் ஒரு ஞாயிறு

கடை வாசலில் ஓட்டிப் பார்க்க எனக்கும் பயம், அவருக்கும் பயம். ஞாயிற்றுக்கிழமை கலெக்டர் ஆபீஸ் இருக்கும் சூலக்கரைப் பக்கம் ரோடு காலியாக இருக்கும். காலை ஏழு மணிக்கு சைக்கிளை அங்கே ஓட்டிக்கொண்டு போனேன். அவர்கள் டிவிஎஸ்ஸில் வந்தார்கள்.

மோட்டாரை நிறுத்திவிட்டு முதலில் வெறும் சைக்கிளாக ஓட்டச் சொன்னேன். இருபத்து நாலு கிலோ வண்டி. கால் ஊன்றி ஊன்றித் தவழ்ந்தார். நாலு தடவை நின்றார். ஐந்தாம் தடவை இரண்டு காலும் பெடலில் ஏறின. அதற்குப் பிறகு ஒன்றாம் லெவல் போட்டுக் கொடுத்தேன். மெல்ல ஒரு தள்ளு. அவர் சத்தமில்லாமல் நேராகப் போனார். ரோட்டுக் கடைசி வரை போய்த் திரும்பி, எங்களைக் கடந்து, மறுபக்கமும் போனார்.

முனியாண்டி கூடவே ஓடத் தயாராக வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். ஓட வேண்டியிருக்கவில்லை. "எம்புட்டு தூரம் போறா பாருங்க," என்று சொல்லிக்கொண்டே நின்றார்.

5. கம்பெனி கேட்

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலை போன் வந்தது.

"அண்ணாச்சி, கேட்டுல நிறுத்திட்டாக. பேட்டரி வண்டி பக்கத்துலயே வரக் கூடாதாம்."

மறுநாள் நானே போனேன். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. ஃபோர்மேன் வெளியே வந்தார். நல்ல மனிதர். பேச்சியம்மாளை அவருக்குப் பல வருஷமாகத் தெரியும். இது தரமான பேட்டரி, ஒன்றும் ஆகாது என்று நான் எடுத்துச் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டார். "அண்ணாச்சி, நீங்க சைக்கிள் விக்கீக. நாங்க வெடிமருந்து வச்சிருக்கோம். வேலைக்கு வாரவுக போனையே கேட்டுல இருக்க இந்தப் பெட்டியில போட்டுட்டுத்தான் உள்ள போறாக. இம்புட்டுப் பெரிய பேட்டரிய நான் எந்த நம்பிக்கையில நிறுத்தச் சொல்ல?"

பேச்சியம்மாள் அதற்குள் வெளியே வந்திருந்தார். அவர் எனக்காகப் பரிந்து பேசவில்லை.

"அவுக சொல்லது சரிதான் அண்ணாச்சி. அது எனக்குத் தெரியாதா? உள்ள விடுங்கன்னு நான் கேக்கவே இல்ல. வெளிய எங்கன விடலாம்னு கேக்கத்தான் உங்களுக்குப் போன் போட்டேன். நீங்க பாட்டுக்குச் சண்டைக்கு வந்துட்டீக."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் என்ன கேட்டார் என்பதை இரண்டாம் தடவையும் நான் காதில் வாங்கவில்லை.

பேட்டரி வெயிலில் நிற்கக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை என்றேன். கம்பெனிக்கு ரோடு பிரியும் விலக்கில் ஒரு டீக்கடை இருந்தது. பின்னால் தகரம் போட்ட இடம். டீக்கடைக்காரர் சம்மதித்தார். அங்கிருந்து கேட்டுக்குப் பத்து நிமிஷ நடை. "அது ஒரு நடையா?" என்றார் பேச்சியம்மாள். மழை பெய்த மறுநாள் மட்டும் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும், அன்றைக்கு முனியாண்டியோடு போவார். மற்ற நாளெல்லாம் சைக்கிள்தான்.

6. நாலு மாதம் கழித்து

தீபாவளி சீசன் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணி இருக்கும். கடை வாசலில் பேச்சியம்மாள் சைக்கிளை நிறுத்தினார். சேலை முழுக்கப் புழுதி. முகமெல்லாம் வியர்வை.

"பிரேக் கட்டை தேஞ்சுருச்சு போல. கிறீச்சுங்குது. மாத்திக் குடுங்க."

"யாரு கொண்டுவந்து விட்டாக?"

"யாரு விடணும்? ஓட்டிட்டுத்தான் வந்தேன். விருதுநகருக்கு நாலு கிலோமீட்டர் இருக்கையில பேட்டரி தீந்துபோச்சு. கொஞ்ச நேரம் நின்னு பாத்தேன். பொறகு மிதிச்சே வந்துட்டேன்."

அவர் ஊரிலிருந்து அவ்வளவு தூரத்துக்கு அந்த பேட்டரி போதாது என்று நான் சொல்லித்தான் கொடுத்திருந்தேன். தெரிந்துதான் வந்தீர்களா என்று கேட்டேன். தெரியும் என்று தலையாட்டினார்.

பேட்டரி சூடு ஆறியதும் கடையிலேயே சார்ஜ் போட்டேன். பிரேக் பேட் மாற்றினேன். சார்ஜ் ஏறும் வரை பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பேட்டரியையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் முனியாண்டி போன் செய்தார். எங்கே இருக்கிறாய் என்று கேட்டிருப்பார். "விருதுநகர்ல, அண்ணாச்சி கடையில. சைக்கிள்லதான் வந்தேன்," என்றார். முனியாண்டி அடுத்துக் கேட்டது என் காதிலும் விழுந்தது.

"சாப்பிட்டியா?"

மூன்று மணிக்குக் கிளம்பிப் போனார்.

கொஞ்சகாலம் விட்டு மறுபடி சைக்கிள் ஓட்ட வருகிறவர்கள் இப்போது நிறையப் பேர். முழங்கால் வலிக்காரர்கள், ரிட்டயர் ஆனவர்கள், ஆஸ்பத்திரியிலிருந்து மீண்டவர்கள். அவர்களிடம் பேட்டரி, மோட்டார், மைலேஜ் பற்றியெல்லாம் பிறகு பேசலாம். ஓட்டப்போகிறவர் யாரோ அவர் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். கையைப் பாருங்கள், காலைப் பாருங்கள். வண்டி இரவில் எங்கே நிற்கும், பகலில் எங்கே நிற்கும் என்று கேளுங்கள். சைக்கிளை எப்போது விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்பதையும் கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்விக்குச் சிலர் உடனே பதில் சொல்ல மாட்டார்கள். அவசரப்படுத்தக் கூடாது. நான் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு, அவர்கள் பேச ஆரம்பிக்கும் வரை ஏதாவது ஒரு டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருப்பேன்.