வீக்கம் வத்தட்டும், கலியாணம் வைப்பம்

போன ஞாயிற்றுக்கிழமை என் மச்சாள் டென்மார்க் நாட்டுப் பொருளாதாரத்தைத் தன் வலது காலை வைத்து எனக்கு விளக்கினார்.

சிரிக்காதீர்கள். மொன்ட்ரியால்-நோரில் அவருடைய வீட்டு சோபாவில், காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு, மிகத் தெளிவாகவே விளக்கினார்.

மச்சாள் என்றால் பத்மா மச்சாள் — இவருடைய, அதாவது என் கணவருடைய, அக்கா. சென்ட் லோரன்டில் ஒரு மருந்து பாக்டரியில் நின்றபடி பெட்டி அடுக்கும் வேலை. வெள்ளிக்கிழமை வந்தால் கால் வீங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை வற்றிவிடும். திங்கட்கிழமை மறுபடியும்... இந்தக் காலுக்கும் டென்மார்க்குக்கும் என்ன சம்பந்தம்? சொல்கிறேன்.

டென்மார்க்கில் இருப்பது இவருடைய தம்பி ராசன். ஞாயிறு தோறும் அக்காவுக்கு வீடியோ கால் எடுப்பான். நாங்களும் எங்கள் டொலார்ட் வீட்டிலிருந்து காரில் போய் அதில் சேர்ந்துகொள்வோம். என்ன கதைப்போம்? சுகம் விசாரிப்பது ஒரு நிமிடம். மிச்ச நேரம் முழுக்க விலைதான்.

நம்மவர்களுக்கு ஒரு விநோதமான பெருமை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? யாருடைய நாட்டில் சாமான் விலை கூடவோ, அவர்தான் பெரிய ஆள். "இஞ்ச முருங்கைக்காய் விக்கிற விலை தெரியுமே?" என்று மச்சாள் ஆரம்பிப்பார். ராசன் ஒரு சிரிப்புச் சிரிப்பான். "அக்கா, அந்த விலைக்கு இஞ்ச முருங்கைக்காயைத் தொட்டுப் பாக்கவும் விடமாட்டாங்கள்."

தலைமயிர் வெட்ட, பல்லுப் பிடுங்க, குழாய் திருத்த... எதை எடுத்தாலும் டென்மார்க்தான் வெல்லும். குரோனரை டொலராக மாற்றிச் சொல்லும்போது ராசனின் முகத்தில் ஒரு களை வரும். இவர் பாவம், கியூபெக் வரி, கனடா வரி இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பார்த்தும் ஒரு ஞாயிறு கூட ஜெயித்ததில்லை.

சில வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் கரண்டும் காஸும் கண்டபடி ஏறியதே, ஞாபகம் இருக்கிறதா? அந்த நேரம் ராசனைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஹீட்டரை அணைத்துவிட்டு, வீட்டுக்குள் ஜாக்கெட்டும் தொப்பியுமாக வீடியோவில் வருவான். வெண்ணெய்க் கட்டி ஒன்றைத் தூக்கிக் காட்டி "இது எவ்வளவு, சொல்லுங்கோ பாப்பம்" என்று எங்களுக்குப் பரீட்சை வைப்பான்.

அவனுடைய மகள் சகானாவின் கலியாணப் பேச்சு வந்ததும் அப்போதுதான். பேச்சு என்ன பேச்சு... பிள்ளைகளே எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். கூடப் படித்த தமிழ்ப் பொடியன். நல்ல குடும்பம். இரண்டு வீட்டுக்கும் சம்மதம். நாள் வைப்பதுதான் பாக்கி.

"இப்ப வேண்டாம்," என்றான் ராசன். "மண்டபக்காரன் வாயில வந்த விலை சொல்லுறான். எல்லாம் இந்தப் பணவீக்கம். வீக்கம் கொஞ்சம் வத்தட்டும், வைப்பம்."

நியாயம்தானே என்று நாங்களும் தலையாட்டினோம். பத்மா மச்சாள் அன்றைக்கே பாக்டரியில் லீவைச் சேர்த்து வைக்கத் தொடங்கிவிட்டார். தம்பியை நேரில் கண்டு அவருக்கு எத்தனையோ வருடம். கலியாணத்தோடுதான் போவேன், போனால் ஒரு மாதம் நிற்பேன் என்று மேலாளரிடமே சொல்லி வைத்துவிட்டார்.

பிறகு டென்மார்க்கில் பணவீக்கம் உண்மையாகவே குறைந்தது. சின்ன நாடு, கடகடவென்று ஏறினது போலவே கடகடவென்று இறங்கிவிட்டது. "பணவீக்கம் குறைந்தது" என்று செய்தி வரும் நாளெல்லாம் ராசன் அதை எங்களுக்கு அனுப்புவான். அனுப்பிவிட்டு மண்டபக்காரனுக்குப் போன் எடுப்பான். மண்டபக்காரன் போன தடவையைவிடக் கொஞ்சம் கூட்டிச் சொல்வான். ராசன் போனை வைத்துவிட்டு எங்களிடம் சொல்வான் — "இன்னும் வத்தேல்ல."

இப்படியே ஒரு வருடம் போனது. இரண்டாவது வருடமும் போனது. மண்டபம், சாப்பாடு, மணவறை, வீடியோ... ஒருவரும் இறங்கி வரவில்லை. செய்திக்காரர் பொய் சொல்கிறார்கள் என்று ராசன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான்.

அப்போதுதான் சகானா எனக்குத் தனியாகப் போன் எடுத்தாள். அவளுக்குத் தமிழ் நன்றாக விளங்கும். கதைப்பதுதான் கொஞ்சம் இழுபடும்.

"பெரியம்மா, நீங்கள் பேப்பரில எழுதுறனீங்கள்தானே. அப்பாவுக்கு விளங்கப்படுத்துங்கோ. பழைய விலை திரும்பி வராது. நான் டெனிஷில சொன்னா, தமிழில சொல்லு எண்டுறார். தமிழில சொல்ல எனக்குத் தெரியேல்ல."

"அப்பாவுக்கு விளங்காட்டி என்ன செய்யப்போறாய்?"

"வாற மாதம் நாங்கள் ரெண்டு பேரும் நகரசபையில போய்க் கலியாணத்தை எழுதிப்போட்டு வந்திடுவம். ஒருத்தருக்கும் சொல்லமாட்டம்." மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு அழுகை வருது பெரியம்மா. ஆனா இதுக்கு மேல ஏலாது."

அதுவரை இந்தக் கதை எனக்கும் ஒரு பகிடியாகத்தான் இருந்தது. அதோடு பகிடி போய்விட்டது. ஒரே பிள்ளை. தகப்பனுக்குச் சொல்லாமல் அவள் போய்க் கையெழுத்து வைத்தால் ராசன் உடைந்துபோவான். அக்காக்காரியும்தான்.

ஆகவே போன ஞாயிறு, வீடியோ காலில் நான் பேராசிரியர் ஆனேன்.

"ராசன், பணவீக்கம் குறைஞ்சது எண்டா விலை குறைஞ்சது எண்டில்லை. ஏறுற வேகம் குறைஞ்சது, அவ்வளவுதான். நாங்கள் நாப்பதாம் ஹைவேயில வாறம் எண்டு வையும். உம்மட அண்ணை வேகத்தைக் குறைச்சா கார் பின்னாலயே போகும்? மெதுவாப் போகும். ஆனா முன்னாலதான் போகும்."

"எங்கட நாப்பதில கார் போறேல்ல, நிக்கிறது," என்றார் இவர். வரும் வழியில் ரோட்டு வேலையில் மாட்டுப்பட்ட எரிச்சல் அவருக்கு. என் பாடத்துக்கு அவர் செய்த உதவி அவ்வளவுதான்.

ராசன் விடவில்லை. "அப்ப ஏன் அண்ணி அதுக்கு வீக்கம் எண்டு பேர் வைச்சவங்கள்?"

நான் வாயைத் திறக்கும் முன் மச்சாள் காலை நீட்டினார்.

"அதுதானே. இஞ்ச பாரும். வெள்ளிக்கிழமை இந்தக் கால் சப்பாத்துக்குள்ள போகேல்ல. இண்டைக்கு வீக்கம் வத்தீட்டுது, கால் பழையபடி. வீக்கம் வத்தினா பழையபடி வரத்தானே வேணும்? வராட்டி அது வீக்கம் இல்லை, சதை."

பணவீக்கம் என்ற சொல்லைத் தமிழில் கட்டிய புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. கையில் கிடைத்தால் கொஞ்சம் கதைக்க வேண்டும். ஏற்றம் என்று வைத்திருக்கலாம். வளர்த்தி என்று வைத்திருக்கலாம். வீக்கம் என்று வைத்தால் எங்கள் சனம் தைலம் பூசிக்கொண்டு, அது வற்றும் வரை காத்திருக்காமல் வேறு என்ன செய்யும்? டொலார்டிலேயே எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்கள் வீடு வாங்காமல் இப்படிக் காத்திருக்கின்றன.

கடைசியில் மச்சாளின் வாயிலிருந்து வந்ததையே பிடித்துக்கொண்டேன்.

"ஓம் மச்சாள், அது சதைதான். வீக்கமே இல்லை. பிள்ளையள் ஒரு வயசில வளர்றதை நிப்பாட்டுதுகள். அதுக்காகக் கட்டையாப் போகுதுகளே? சகானாவுக்கு இனிப் பழைய பள்ளிக்கூடச் சட்டை அளவாகுமே?"

மச்சாள் காலைப் பார்த்தார். போனைப் பார்த்தார்.

"அப்ப விலை இனி இறங்காதோ?" என்றான் ராசன்.

"ஒண்டு ரெண்டு சாமான் இறங்கும். மண்டபம் இறங்காது."

"அப்ப நானூறு பேருக்கு நான் எப்பிடிச் சாப்பாடு குடுக்கிறது?"

நானூறு பேரா? டென்மார்க்கிலா? நோர்வேயிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பஸ் பிடித்து ஆள் இறக்கினால்தான் உண்டு. ஆர் ஆர் என்று கேட்டேன். தான் போன கலியாணங்கள், சாமத்தியவீடுகள், பிறந்தநாள்கள் எல்லாவற்றையும் அடுக்கினான். "அவையின்ர வீட்டு விசேஷத்துக்கு நான் போனனான் அண்ணி. சொல்லாட்டி என்ன நினைப்பினம்?"

விஷயம் இங்கேதான் இருந்தது. ஒரு நாட்டின் விலைவாசி முழுக்கத் தலைகீழாகும் என்று நம்பி இரண்டு வருடம் காத்திருக்க அவனால் முடிந்தது. நானூறில் நாலு பேரை வெட்ட முடியவில்லை. ராசனை மட்டும் சொல்வானேன்? நாமெல்லாம் அப்படித்தானே. ஐரோப்பியப் பொருளாதாரம் திருந்தட்டும் என்று இருப்பது சுகம். தூரத்துச் சொந்தம் ஒன்றிடம் "உங்களுக்குச் சொல்லேல்ல" என்பதுதான் உயிர் போகும் வேலை.

"வெட்டு," என்றார் மச்சாள்.

"ஆரை அக்கா வெட்டுறது? ஒருத்தரையும் வெட்டேலாது."

"முதல் என்னை வெட்டு."

நாங்கள் எல்லாரும் அவரைப் பார்த்தோம்.

"நான் வரேல்ல. என்ர சாப்பாடு மிச்சம். ஒரு மாதம் என்னை வைச்சுப் பாக்கிற செலவும் மிச்சம். பிள்ளையின்ர கலியாணம் நடக்கட்டும். நான் வீடியோவில பாக்கிறன்."

கோபத்தில் சொல்லவில்லை. காலைத் தடவியபடி, நாளைக்குக் கடைக்குப் போகவில்லை என்பது போலச் சொன்னார். இரண்டு வருடமாக லீவு சேர்த்து வைத்தவர்.

ராசன் கண்ணாடியைக் கழற்றினான். "நீ வராட்டி எனக்கு என்னத்துக்கு அக்கா கலியாணம்?"

"அப்பிடி எத்தினை பேர் இருக்கினம் உனக்கு? அவை வராட்டிக் கலியாணம் என்னத்துக்கு எண்டு நினைக்கிற ஆக்கள்?"

அவன் யோசித்தான். விரலை மடக்கத் தொடங்கினான். நடுவில் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, இல்லை என்று தலையாட்டி, மடக்கிய விரலை நீட்டினான். மாப்பிள்ளை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டான்.

"அறுபது வரும். கூடினா எழுபது."

"அவைக்கு இண்டைய விலையில சாப்பாடு குடுக்க ஏலுமோ?"

"ஓம்."

"அப்ப நாளைச் சொல்லு."

அந்த நேரம் ராசனின் தோளுக்குப் பின்னால் சகானா வந்து நின்றாள். அறைக்கு வெளியே நின்று எல்லாம் கேட்டிருக்கிறாள். "மாமி, நீங்கள் வராட்டி நான் தாலி கட்டமாட்டன்," என்றாள். தாலியைக் கட்டுவது மாப்பிள்ளை என்று யாரும் அவளைத் திருத்தவில்லை. மச்சாள் சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும்தான் அழுதேன், அதில் மறைக்க என்ன இருக்கிறது?

சித்திரையில் கலியாணம். மண்டபம் எடுத்தாகிவிட்டது, இன்றைய விலைக்கு. நானூறிலிருந்து விழுந்தவர்களின் கோபம் மூன்று நாடுகளிலிருந்து ராசனுக்குப் போனில் வந்துகொண்டிருக்கிறதாம்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது காரில் இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பியை நினைத்து மனம் இளகியிருக்கிறார் என்று நானும் பேசாமல் வந்தேன். டொலார்டுக்கு இறங்கும் இடத்தில் மெதுவாகக் கேட்டார்.

"ஏனப்பா, அந்த அறுபதுக்குள்ள நாங்களும் இருக்கிறமோ?"

"இருக்கிறம். இல்லாமல்?"

பெருமூச்சு விட்டார்.

"அக்கா தன்னை வெட்டச் சொன்ன நேரம் நீரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோப்பன்ஹேகன் டிக்கெட் விலை பாத்தனீரே?"