எங்கே கிடத்துவீர்கள் என்று கேட்டவர்

போன மாதம் ஒருநாள் காலை பூஜை முடிந்து நைவேத்தியத்தை எடுத்து வைக்கும்போது தொலைபேசி அடித்தது. கொள்ளேகாலிலிருந்து மேரி அக்காவின் தம்பி மகன். கடைசிக் காலத்தில் அக்கா அவர்கள் வீட்டில்தான் இருந்தார். "அத்த போயிட்டாங்கக்கா. நேத்தே அடக்கம் பண்ணிட்டோம். உங்க நம்பர் இப்பத்தான் கெடச்சுது" என்றான். எப்படிப் போனார், உடம்புக்கு என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. "எங்கே வச்சிருந்தீங்க?" என்றுதான் கேட்டேன். அவன் கொஞ்சம் தயங்கி, "எங்க ஊட்டு முன் ரூம்புலதானுங்க. வேற எங்க வைப்பாங்க?" என்றான். ரிசீவரை வைத்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

ஆரோக்கியமேரி சிஸ்டர் என்றால் உங்களில் பலருக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் மைசூர் விஜயநகரில் வீடு வீடாகப் போய் ஊசி போட்டவர். "கைய இளக்கு. உன் சொத்தையா எழுதி வாங்கப்போறேன்?" என்று அவர் அதட்ட, நாம் சிரித்து முடிப்பதற்குள் ஊசி வெளியே வந்திருக்கும். எங்கள் காம்பவுண்டில் அடுத்த வீட்டில்தான் குடியிருந்தார். என் மாமியாருக்கு நெஞ்சுவலி கண்டதிலிருந்து தினமும் வந்து பிரஷர் பார்ப்பார். கட்டிலுக்கு ஒரு பக்கம் நான் சஷ்டி கவசம் சொல்வேன், மறு பக்கம் அவர் ஜெபமாலை உருட்டுவார். "ரெண்டு கட்சியும் சிபாரிசு பண்றீங்க, அதான் எமன் குழம்பி நிக்கிறான்" என்பார் மாமியார்.

வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னதும், சொந்தமாக ஒரு ஃபிளாட் பார்த்தோம். மைசூரில் அடுக்குமாடி வீடு அப்போதுதான் பழகிவந்தது. நான் எட்டாவதோடு நின்றவள். கணக்கு எழுத நானாகப் பழகிக்கொண்டேன். அந்தக் கட்டடத்துச் சங்கத்தின் வரவு செலவை வாங்கி, சந்தா பாக்கி, மோட்டார் ரிப்பேர், லிஃப்ட் ஒப்பந்தம், வாட்ச்மேன் சம்பளம் எல்லாவற்றையும் உட்கார்ந்து சரிபார்த்தேன். ஒரு குறை கிடையாது. "நம்பி வாங்கலாம்" என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுக்க ஏற்பாடு செய்தார். மேரி அக்கா தானும் வருவதாகக் கூடவே கிளம்பினார்.

செயலாளர் எங்களை அன்பாகச் சுற்றிக் காட்டினார். தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர், விசேஷங்களுக்கான ஹால். எல்லாம் பார்த்து முடித்ததும் மேரி அக்கா கேட்டார்: "ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க சார். இங்க யாராவது இறந்துட்டா எங்க கிடத்துவீங்க?"

என் கணவரின் முகம் கறுத்துவிட்டது. "நல்ல காரியத்துக்கு வந்த இடத்துல என்ன பேச்சு சிஸ்டர் இது!"

"யாக்கம்மா ஈக அதெல்லா?" இப்போது எதற்கு அதெல்லாம் என்று செயலாளர் கன்னடத்தில் சிரித்து மழுப்பினார். மேரி அக்கா விடவில்லை. "சும்மா கேட்டு வச்சுக்கறேன், சொல்லுங்க."

"ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா கொண்டுபோயிடணும்மா. கீழே பாடி வைக்கக் கூடாதுன்னு எல்லாரும் சேர்ந்து ரூல் போட்டிருக்கோம். லிஃப்ட்ல இறக்கவும் கூடாது. மத்தவங்களுக்குத் தொந்தரவு இல்லியா?"

ஆட்டோவில் திரும்பும்போது என் கணவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மேரி அக்கா என்னிடம்தான் பேசினார். ஆனால் அவருக்கும் கேட்கட்டும் என்றுதான் பேசினார். முன்பு அவரும் அவர் கணவரும் இதுபோன்ற ஒரு ஃபிளாட்டில்தான் இருந்தார்களாம்.

"அவருக்கு ஆஸ்பத்திரியில முடிஞ்சுபோச்சு. வேன்ல கொண்டுவரேன், கேட் தொறக்கல. வாட்ச்மேன் அழறான், ஆனா தொறக்க மாட்டேங்கறான். நல்ல வெயில். நான் மேல பார்த்தேன். ஒவ்வொரு ஜன்னலா சாத்தினாங்க. அதுல பாதி வீட்டுல நான் ஊசி போட்டிருக்கேன், தெரியுமா? வேனுக்குள்ளயே வச்சு ஃபாதர் ஜெபம் பண்ணினார். ஜன்னல் சாத்துற அந்தச் சத்தம் இருக்கே, இப்பவும் ஜெபத்துல உக்காந்தா வருது." பிறகு, "அங்கயும் கணக்கு சுத்தம்தான். கணக்கு சுத்தமா இருந்தா பணம் பத்திரம், அவ்வளவுதான். நாம பத்திரம்னு யார் சொன்னா?" என்றார்.

என் கணவர் அட்வான்ஸ் கொடுக்கவில்லை.

பிறகு பார்த்த கட்டடத்தின் கணக்கு எனக்குப் பிடிக்கவே இல்லை. பாதிப் பேர் சந்தா பாக்கி, ரசீதுகள் ஆணியில் குத்திக் கிடந்தன. மேரி அக்காவின் கேள்வியை அங்கே நானே கேட்டேன். தலைவராக இருந்த அம்மாள் யோசிக்கவே இல்லை. "கார் நிறுத்தற எடத்துலதான். போன தடவ மூணாம் மாடித் தாத்தா போனப்ப வண்டியெல்லாம் ரோட்டுல விட்டோம். டேங்கர் தண்ணிக்கு யார் காசு குடுக்கறதுன்னு இன்னும் சண்டை போட்டுட்டிருக்கோம், அது வேற கதை." அங்கேதான் வாங்கினோம்.

மாமியார் அந்த வீட்டில் நிம்மதியாகக் கண்ணை மூடினார். கீழே கிடத்தினோம். ஒருவர் பெஞ்சு கொண்டுவந்தார், ஒருவர் காபி போட்டார். மேரி அக்கா மாமியாரின் தலைமாட்டில் நின்றார். ஆனால் அவர் பார்வை மாமியார் மேல் இல்லை. நிமிர்ந்து கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அடுத்த நிமிஷம் ஏதோ கேட்கப்போகிறது என்பதுபோல. அப்போது காற்றுக்கு எங்கோ ஒரு கதவு அடித்தது. அவர் உடம்பு தூக்கிப்போட்டது. நான் அவர் கையைப் பிடித்தேன், சில்லிட்டிருந்தது. பாடை நகரும் வரை அவர் தலையைத் தாழ்த்தவில்லை. மண்ணுக்குள் போன மேரி அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. எனக்கு மிஞ்சியது நிமிர்ந்த அந்த முகம்தான். விளக்கேற்றிக் கண்ணை மூடினால் சுவாமிக்கு முன்னால் அதுதான் வருகிறது.

இப்போது சங்கக் கமிட்டியில் நான் இருக்கிறேன். போன வாரம் வீடு பார்க்க ஒரு இளம் தம்பதி வந்தார்கள். தண்ணீர், லிஃப்ட், மெயின்டனன்ஸ் எல்லாம் கேட்டார்கள். யாராவது இறந்தால் கீழே எங்கே கிடத்துவோம் என்று, அவர்கள் கேட்காததை நானே சொன்னேன். அந்தப் பையன், "வா, போலாம்" என்று மனைவியின் கையை இழுத்தான். "வர்றவங்கள எல்லாம் இப்படி வெரட்டினா யார் வாங்குவாங்க?" என்று கமிட்டிக்காரர் ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார்.

கேட் வரைக்கும் போன அந்தப் பெண் தனியாகத் திரும்பி வந்தாள். "ஆன்ட்டி, எங்கம்மா எங்ககூடத்தான் இருக்காங்க. அந்த எடத்தக் காட்டறீங்களா?"

கூட்டிப்போய்க் காட்டினேன். இருவரும் அங்கே நின்றோம். எனக்கு என்னவோ மூன்று பேர் நிற்பதுபோலவே இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. மேரி அக்கா நிற்கட்டும் என்று சற்று நகர்ந்து இடம் விட்டேன்.